தலையை ஒட்டிக்கொண்டு காலால் உண்ணும் பிராணி

வணக்கம். மலேசியாவில் லுக்குட்டின் செம்பனைத் தோட்டங்களைக் கடந்து போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போகும் நம்மவர்கள், தஞ்சோங் துவான் பாறைகளில் உள்ளங்காலைக் கீறும் சாம்பல்நிறக் கூம்புகளைக் கல்லின் சொரசொரப்பு என்றே எண்ணிவிடுகிறோம். அவை கொட்டலசுகள், தலையைப் பாறையில் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டு, கால்களால் உணவை வாரி வாயில் இட்டுக்கொள்ளும் பிராணிகள்.

ஓடு இருப்பதைக் கண்டு சிப்பி, நத்தைகளோடு சேர்த்து வைத்திருந்த இவற்றை, இறால், நண்டுகளின் உறவினர் என்று 1830இல் ஜான் வாகன் தாம்சன் மெய்ப்பித்தார். சார்லஸ் டார்வின் 1846 முதல் எட்டு ஆண்டுகளை இவற்றின் ஆய்வுக்கே கொடுத்தார்.

[திரையில்: நுண்ணோக்கியில் குஞ்சு]

முட்டையிலிருந்து வரும் குஞ்சு ஆறு பருவங்கள் நீந்தி வளர்ந்து, உணவே உண்ணாத ஒரு பருவத்தை அடைகிறது. இனி அதற்கு இடம் தேடுவது ஒன்றே வேலை. உணர்கொம்புகள் இரண்டையும் ஊன்றிப் பாறைமேல் நடந்து, தொட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் விலகிப் போகிறது. தன் இனத்தார் குடியேறிய இடத்தின் வேதித் தடயம் கிடைத்தால் அங்கேயே தங்கிவிடுகிறது. ஒட்டியபின் நகர முடியாது என்பதால் இனப்பெருக்கத்துக்கு அண்டை வீட்டார் வேண்டும். அவர்களை எட்டுவதற்கென்றே இதன் ஆணுறுப்பு சில இனங்களில் உடலைப்போல் எட்டு மடங்கு வரை நீள்கிறது.

என்னைப் பெரிதும் வியக்க வைப்பது இதன் பசைதான். ரப்பர் பால் சேரும் மங்கில், அதாவது கிண்ணத்தில், மழைநீர் இறங்கினால் அன்றைய பால் வீண் என்பது பால்மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும். கொட்டலசோ கடல்நீருக்குள்ளேயே தன் பசையை இறுகச் செய்கிறது. ஈரமான பரப்பில் பசை பிடிக்காமல் போவதற்கு இடையில் நிற்கும் நீர்ப்படலமே காரணம். குஞ்சு முதலில் கொழுப்புப் பொருளைச் சுரந்து அந்த நீரை விலக்கிவிட்டு, அதன் பின்னரே புரதப் பசையைச் செலுத்துகிறது. இந்த உத்தியைப் பின்பற்றி, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் இரத்தம் வழியும் காயத்தையும் அடைக்கும் பசையொன்றை உருவாக்கி, எலிகளிலும் பன்றிகளிலும் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். பாறையில் ஒட்டிய ஓர் உயிர் அறுவைச் சிகிச்சைக்கு வழிகாட்டுவது எவ்வளவு பெரிய செய்தி!

நீர் வற்றும்போது தகடுகளை மூடி ஈரத்தைக் காத்துக்கொள்ளும் இவை பாறையில் எவ்வளவு மேலே வாழலாம் என்பதை வெயிலும், எவ்வளவு கீழே வாழலாம் என்பதைப் பெரும்பாலும் எதிரிகளும் இடத்துக்குப் போட்டியிடும் உயிர்களும் தீர்மானிக்கின்றன.

நீங்கள் போகும்போது செருப்பணிந்து, நீர் ஏறும் நேரம் பார்த்து, பாறைக்குழி ஒன்றின் ஓரத்தில் உங்கள் நிழல் விழாதபடி குனியுங்கள். நிழல் பட்டால் கால்களை உள்ளிழுத்துக்கொள்ளும். தயவுசெய்து ஒன்றையும் பெயர்க்க வேண்டாம். பாறையின் எந்த உயரத்தில் அவை நெருக்கமாக இருந்தன என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.