முளைக்குத் தண்ணீர் விட்டது யார்?

அவைத் தலைவர் அவர்களே, வேலையை ஒதுக்கிவைத்து வந்திருக்கும் கால்நடை மருத்துவர்களே, முன்வரிசைப் பெரியவர்களே, மாடு கறந்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். எனக்கு முன் இனத்தேர்வு பற்றி அழகாகப் பேசிய மருத்துவர் அம்மாவுக்குத் தனி நன்றி.

இனம், வெயில், தாய் வயிறு என்று மூன்று விஷயம் பேச வந்தேன்.

விளையும் பயிர் முளையிலே தெரியும். நான் ஏறுகிற மேடையிலெல்லாம் சொல்லும் பழமொழி இது. கன்று வாங்கும்போது நாமும் அப்பன் எந்தக் காளை என்றுதான் கேட்கிறோம். தப்பில்லை. ஆனால் குதிரைக் கதை ஒன்று கேளுங்கள்.

1938-இல் வால்டன், ஹேமண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்டது. ஷயர் என்பது பாரம் இழுக்கும் குதிரை, ஒரு டன் வரை எடை நிற்கும். ஷெட்லாண்ட் நம் இடுப்புயரம்தான். இரண்டையும் கலந்தார்கள். நேராகச் சேர்த்தால் நடக்குமா? சினை ஊசிதான், ஆணின் விந்தை எடுத்துக் கருவியால் பெண்ணுக்குள் செலுத்துவது. ஒரு பக்கம் தாய் ஷயர், இன்னொரு பக்கம் தாய் ஷெட்லாண்ட். எந்தக் குட்டியானாலும் பாதி இது, பாதி அது. அந்தச் சின்னத் தாய் எப்படி ஈனப்போகிறதோ என்று பயம் வரத்தானே செய்யும்? பயந்தபடி ஆகவில்லை. தன் வயிறு கொள்ளும் அளவுக்கே குட்டியை வளர்த்தது. பெரிய தாயின் குட்டியோ அதைப்போல மூன்று மடங்கு எடை! வளர்ந்த பிறகும் அந்த வித்தியாசம் முழுசாக மறையவில்லை.

விளையும் பயிர் முளையிலே தெரியும், சரி. அந்த முளைக்குத் தண்ணீர் விட்டது யார்?

வெயிலையும் சொல்லிவிடுகிறேன். குளிர்ப்பிரதேச மாடு நிழலும் நல்ல தீவனமும் கிடைத்தால் வெப்பம் தாங்கும் இனத்தை எடையில் முந்தும். வெயிலில் கட்டி வைக்கோலை மட்டும் போட்டால் மூச்சிரைத்து, தீனி குறைத்து, பின்தங்கிவிடும். மரபும் சூழலும் ஊடாடுவது இதுதான். விரிக்க நேரமில்லை.

நான் கேட்க வந்தது வேறு. சினை மாட்டுக்குக் கடைசி மூன்று மாதம் தீவனத்தைக் குறைக்காதீர்கள், கரு எடை போடுவது அப்போதுதான். பிறந்த கன்றின் வாயில் விரலை வையுங்கள், நாக்கைச் சுருட்டி இழுத்துச் சப்பும். அந்தப் பசிக்குச் சீம்பாலை உடனே கொடுங்கள். பசுவின் நோய் எதிர்ப்புப் புரதம் கருப்பையில் கன்றுக்குப் போவதில்லை, சீம்பாலில்தான் வருகிறது. அதை உறிஞ்சும் சக்தி குடலுக்கு மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் அநேகமாக நின்றுவிடும். 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர், முதல் இரண்டு மணி நேரத்துக்குள்.

தலைவர் அவர்களுக்கு ஒரே கோரிக்கை. சினை ஊசி அட்டையில் காளையின் எண்ணுக்குப் பக்கத்திலேயே, கன்று முதல் சீம்பால் குடித்த நேரத்தை எழுத ஒரு கட்டம் போட்டுக் கொடுங்கள்.