தாமார் என்றால் பனை

மேடையில் வீற்றிருக்கும் சேகரகுரு ஐயா அவர்களே, வெயிலையும் பாராமல் வந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி அவர்களே, செயலாளர் அவர்களே, பந்தலுக்கு வெளியே நிற்கிற அண்ணன்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பந்தியில் வைத்துத் திட்டிக்கொள்ளுங்கள்.

'வேதத்தில் ஒரு பெண்ணின் பெயர்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். தாமாரை எடுத்துக்கொண்டேன். பேரின் பொருள், எங்கள் வீட்டில் அந்தப் பேர் பட்ட பாடு, அந்த மரத்தின் கதை என்று மூன்று சொல்லப்போகிறேன்.

எபிரெயத்தில் தாமார் என்றால் பேரீச்சமரம். யூதாவின் மருமகள் ஒரு தாமார், தாவீதின் மகள் ஒருத்தி, அப்சலோமின் மகள் இன்னொருத்தி. முதல் இருவருக்கும் சொந்த வீட்டு ஆண்கள் செய்த அநியாயம் மைக்கில் சொல்லக்கூடியதல்ல. ஆனாலும் மத்தேயுவின் வம்ச அட்டவணையில் முதலாவது வரும் பெண் தாமார்தான்.

எங்கள் அத்தை பேரும் தாமார். தாத்தா வைத்தது. ரேஷன் கார்டு எழுதியவர், இப்படியும் ஒரு பேரா என்று தானாகத் திருத்தி 'தாமரை' ஆக்கிவிட்டார். அத்தை ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். நாலாம் தடவை, "ஏம்மா, தாமரை நல்ல பூதானே, இருந்துட்டுப் போகட்டுமே" என்றாராம். "பூவு வாடிரும்யா. எங்கய்யா எனக்கு வச்சது மரத்துப் பேரு!" என்றாள் அத்தை. திருத்திக் கொடுத்தார்கள். என்னவென்று? 'தமார்'. முதலெழுத்தின் காலை ஒடித்துவிட்டார்கள்!

தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பார்த்துட்டுச் சாவான் என்பார்கள். இஸ்ரவேல் நாட்டு மசாடா கோட்டையில் தோண்டி எடுத்த, ஏறக்குறைய 2000 வருஷத்துப் பேரீச்சங்கொட்டை ஒன்றை 2005-இல் எலைன் சோலோவே என்ற பெண்மணி அங்கேயே கேத்தூரா கிப்புட்சில், அதாவது கூட்டுப்பண்ணைக் குடியிருப்பில், ஊன்றினார். முளைத்தது! மெத்தூசலா என்று பேர் வைத்தார்கள். ஆண் மரம். பிறகு இன்னொரு பழங்காலக் கொட்டையிலிருந்து வந்த பெண் மரத்துக்கு அன்னாள் என்று பேர். மெத்தூசலாவின் மகரந்தத்தைப் பூசி, 2020-இல் அன்னாள் 111 பழம் கொடுத்தாள். அந்தக் காலத்தில் பேரீச்சை வச்சவன் பார்க்கவே இல்லை ஐயா!

92-ஆம் சங்கீதத்தில் எபிரெயம் 'தாமார்' என்கிற இடத்தில் நம் தமிழ் வேதம் என்ன சொல்கிறது? "நீதிமான் பனையைப்போல் செழித்து." பேரீச்சையல்ல, பனை! நம் ஜனத்துக்குத் தெரிந்த மரம். அந்தப் பனையைத்தானே செங்கல் சூளைக்கு லோடு லோடாக ஏற்றுகிறோம்? ஊராட்சித் தலைவர் அம்மா இங்கேயே இருக்கிறார்கள். குளத்துக்கரை முழுக்கக் காலியாகக் கிடக்கிறது. பனை வச்சவன் பார்த்துட்டாவது சாவான், நாம் அதையும் வைக்கவில்லையே.

வாசலில் இரண்டு சாக்கு பனங்கொட்டை வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் போகும்போது ஆளுக்கு ஐந்து எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், இரவல் வாங்கியது.