பின்பக்கத்தையும் பார்த்து வாங்குங்கள்: ஜான் ஸ்பீடின் கவுண்டி வரைபடங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கவுண்டி என்ற சொல் நம்மில் பலருக்குக் கிரிக்கெட் வழியாகத்தான் அறிமுகமானது. சர்ரே, யார்க்‌ஷயர், மிடில்செக்ஸ் என்று அணிகளாக நாம் அறிந்த அந்தப் பெயர்கள் இங்கிலாந்தின் பழைய ஆட்சிப் பிரிவுகளின் பெயர்கள். 400 ஆண்டுகளுக்கு முன் அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அச்சான வரைபடங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். இன்று ஜான் ஸ்பீட் என்பவரின் வரைபடங்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

1552இல் செஷயரில் பிறந்த ஸ்பீடுக்குத் தொழில் தையல். பழமையான வரலாற்றில் அவருக்கிருந்த ஈடுபாட்டைக் கண்ட ஃபல்க் கிரெவில் என்ற செல்வாக்குள்ள பிரபு ஆதரவு கொடுத்ததால்தான், அவரால் ஊசியை வைத்துவிட்டு எழுத்தையும் வரைபடத்தையும் எடுக்க முடிந்தது. அவரது பெரிய வரைபடத் தொகுதி 1611–12இல் லண்டனில் வெளியானது. அதிலுள்ள நிலப்பரப்புகளை அவர் முழுதும் தாமே அளந்துவிடவில்லை. கிறிஸ்டோபர் சாக்ஸ்டன் 1570களில் அளந்து 1579இல் தொகுதியாக வெளியிட்டவற்றையும், ஜான் நார்டனின் வேலையையும் அவர் தாராளமாக எடுத்துக்கொண்டார். பிறர் விளைத்த கதிரில் தம் அரிவாளை வைத்ததாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் படத்தின் மூலைகளில் நகரங்களின் தெருப்படங்களைச் சேர்த்ததும், போர்க்களங்களையும் பிரபுக்களின் குலச்சின்னங்களையும் அரண்மனைகளையும் வைத்ததும் அவருடைய பங்கு. பல ஊர்களுக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய தெருப்படம் இவருடையதே. ஆகவே, இரவல் வாங்கியவர் என்று சிலர் அவரை ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை.

அந்தப் படங்களைச் செப்புத்தகடுகளில் பொறித்தவர் யோடோகஸ் ஹோன்டியஸ். மதக் கலவரங்களுக்கு அஞ்சி 1584 அளவில் இன்றைய பெல்ஜியத்திலுள்ள கெண்ட் (Ghent) நகரை விட்டு லண்டனுக்கு வந்து, பின்னர் ஆம்ஸ்டர்டாமில் குடியேறிய கைவினைஞர் அவர். எல்லா எழுத்துகளையும் கோடுகளையும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாக மாற்றி, கூரிய உளியால் செம்பில் கீற வேண்டும். அந்தக் கீறல்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் படம் தாளில் ஏறும். தகட்டின் விளிம்பும் தாளில் பள்ளமாகப் பதியும். விரலால் தடவினால் அந்தத் தடம் தட்டுப்பட வேண்டும். தேநீரில் நனைத்துப் பழுப்பாக்கிய தற்காலப் பிரதிகளில் அது பெரும்பாலும் இருக்காது. அவற்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் கோட்டுக்குப் பதில் புள்ளிக் கூட்டமே தெரியும்.

செம்பு மென்மையானது என்றாலும் இந்தத் தகடுகள் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கைமாறிக் கைமாறி அச்சேறின. சேகரிப்பவருக்குச் சிக்கலும் சுவையும் இங்கேதான் தொடங்குகின்றன. பல படங்களில் 1610 என்ற ஆண்டு தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. அது தகடு பிறந்த ஆண்டு. தாள் அச்சான ஆண்டு அன்று. முதல் பதிப்புகளில் சட்பரி, ஹம்பிள் என்ற வெளியீட்டாளர்களின் பெயர்கள் இருக்கும். 1676 பதிப்பில் அவற்றை அழித்துவிட்டு பாசெட், சிஸ்வெல் என்ற பெயர்களைப் பொறித்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் தகடுகள் ஹென்றி ஓவர்டனிடம் வந்தபோது, ஸ்பீட் காட்டாமல் விட்ட சாலைகளை அவர் சேர்த்தார்.

பின்பக்கம் இதைவிட அதிகம் பேசும். படம் செப்பில் அச்சானாலும், பின்னால் உள்ள கவுண்டி வரலாறும் ஊர்ப்பட்டியலும் ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்டவை. பதிப்புக்குப் பதிப்பு எழுத்துகளைப் புதிதாகக் கோத்ததால், முதலெழுத்தின் அலங்காரமும் வரி முறிவும் மாறும். அவற்றை ஒப்பிட்டுத்தான் பதிப்பை அடையாளம் காண்கிறோம். பின்னால் லத்தீன் இருந்தால் அது 1616 பதிப்பு. வெறுமையாக இருந்தால் பெரும்பாலும் ஓவர்டன் காலத்தது.

இதெல்லாம் தெரியாமல்தான் என் முதல் படத்தை வாங்கினேன். அது சர்ரே. அதன் மேற்பகுதியில் நன்சச் அரண்மனையின் படம் இருந்தது. நிகரில்லை என்று பொருள்படும் பெயருடன் எட்டாம் ஹென்றி 1538இல் தொடங்கிய அந்த அரண்மனை, 1682க்குப் பின் இடித்துச் சாமான்களாக விற்கப்பட்டது. கண்ணாடிச் சட்டத்துக்குள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றவனுக்கு, விற்பனைச் சீட்டில் 1610 என்றிருந்ததே போதுமானதாக இருந்தது. வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தபோதுதான் பாசெட், சிஸ்வெல் பெயர்கள் கண்ணில் பட்டன. 1610க்கும் 1676க்கும் இடையில் ஒரு மன்னரின் தலை போய், குடியரசு வந்து, லண்டனும் எரிந்து முடிந்திருந்தது. கொடுத்த பணத்துக்காக ஒரு வாரம் வருந்தினேன். ஆனால் படத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அது அச்சான ஆண்டில் நன்சச் இன்னும் நின்றிருந்தது என்ற கணக்கு எனக்குப் பிடித்துப் போயிற்று.

வண்ணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் படங்கள் கறுப்பு மையில் மட்டுமே அச்சாயின. வண்ணம் கையால் தீட்டப்பட்டது, அன்றே தீட்டியதும் உண்டு, போன நூற்றாண்டில் தீட்டியதும் உண்டு. பழைய பச்சை பல படங்களில் செம்பின் களிம்பிலிருந்து எடுத்தது. புளி போட்டுத் தேய்க்காத பாத்திரத்தில் படர்கிறதே, அதே களிம்பு. அது காலப்போக்கில் தாளை அரித்து, பின்பக்கத்தில் பழுப்பாக ஊறித் தெரியும். எனவே பின்னால் பழுப்புக் கறை இருப்பது பழைய வண்ணத்துக்கு நல்ல சான்று. ஆனால் கறை முற்றியிருந்தால் அந்த இடத்தில் தாள் முறியும். சான்றும் நோயும் ஒன்றாக இருக்கும் பொருள்களில் இதுவும் ஒன்று.

தொகுதியாகத் தைக்கப்பட்டவை என்பதால் எல்லாப் படங்களுக்கும் நடுவில் மடிப்பு இருக்கும். மடிப்பே இல்லாத ஸ்பீட் படத்தைக் கண்டால் ஐயப்படுங்கள். மடிப்பில் சிறு கிழிசலை ஒட்டியிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் முழுப் படத்தையும் அட்டையில் பசையிட்டு ஒட்டியிருந்தால், எத்தனை அழகாக இருந்தாலும் நான் வாங்குவதில்லை. சட்டமிட்ட படமானால், சட்டத்தைக் கழற்றிக் காட்டும்படி கடைக்காரரிடம் கேட்க நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. நல்ல வணிகர் கேட்பதற்கு முன்பே கழற்றிவிடுவார்.