வளவை மூடாதீர்கள் ஆச்சி: பழைய வீட்டைப் பசுமை வீடாக மாற்றுவது பற்றிய கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. நம்ம செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வீடு வைத்திருக்கிற ஒரு ஆச்சி அனுப்பியிருக்கிறார்கள். கொஞ்சம் நீளம், சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் கோயம்புத்தூரில் இருந்துவிட்டு இப்போது ஊர்வீட்டுக்கே குடிவரப் போகிறார்களாம். ஐயா காலத்து வீடு, முன்பகுதி, பின்பகுதி என்று இரண்டு கட்டு, நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைத்தான் வளவு என்போம், நாட்டு ஓட்டுக் கூரை. "வருகிறதுதான் வருகிறோம், சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாத வீடாக மாற்றிக்கொண்டு வருவோம் என்று ஆசை. வளவுக்கு மேலே ஃபைபர் ஷீட் போட்டு மூடி, உள்ளே ஏசி வைத்து, அந்த ஏசிக்குச் சோலார் போட்டுவிடலாம் என்கிறான் மகன். ஓட்டைப் பிரித்துவிட்டு கலர் தகர ஷீட் போடச் சொல்கிறார் கான்ட்ராக்டர். எதில் தொடங்குவது?" இதுதான் கேள்வி.

ஆச்சி, முதல் வேலையாக அந்தக் கான்ட்ராக்டருக்கு ஒரு போன் போட்டு ஓட்டில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மீதியை அப்புறம் பேசுவோம்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், ஒரு வீடு சுற்றுச்சூழலுக்குச் செய்கிற கெடுதலில் பெரிய பங்கு அதைக் கட்டும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. செங்கல் சுட்டது, மரம் அறுத்தது, கப்பலில் பர்மாத் தேக்கு ஏற்றி வந்தது, எல்லாம் உங்கள் வீட்டில் எப்போதோ முடிந்துபோன செலவு. இப்போது அதை உடைத்துவிட்டு சிமெண்டும் கம்பியும் புதிதாகக் கொட்டினால் அந்தச் செலவை மறுபடியும் முதலிலிருந்து செய்கிறீர்கள். உலகம் முழுக்க மனிதர்கள் வெளியே விடுகிற கரியமில வாயுவில் சுமார் 7, 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து மட்டும் வருகிறது. ஆகவே பழுது பார்த்துக் குடியிருக்கிற பழைய வீட்டைவிடப் பசுமையான வீட்டை யாராலும் உங்களுக்குக் கட்டித்தர முடியாது. நான் பழைய வீட்டு வேலை எடுத்துச் செய்கிறவன், என் பிழைப்புக்காகச் சொல்வதாக நினைத்தாலும் பரவாயில்லை.

இப்போது அந்த ஷீட் விஷயம். வளவை மூடாதீர்கள். நம்ம பக்கத்து வெயிலுக்கு இந்த வீட்டை யோசித்துக் கட்டியவர்கள் மடையர்கள் இல்லை. சூடான காற்று மேலே போகும், அது போவதற்கு வழி அந்தத் திறந்த வளவு. அது போகப் போக முகப்பு வாசல் வழியாகவும் பின்கட்டு வழியாகவும் காற்று உள்ளே வரும். முன்வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் வரைக்கும் நேராகத் தெரிகிறதே, அது அழகுக்கு மட்டுமில்லை. மேலே ஷீட் போட்டு அடைத்தீர்கள் என்றால் அடுப்பு மேல் வைத்த சட்டிக்கு மூடி போட்ட மாதிரிதான், மத்தியானம் இரண்டு மணிக்கு வளவைச் சுற்றியிருக்கிற தாழ்வாரத்தில், அதாவது சுற்றுப்பத்தியில், உட்கார முடியாது. அப்புறம் ஏசி இல்லாமல் முடியாது என்று நீங்களே சொல்வீர்கள். அந்த ஏசிக்குச் சோலார், அந்தச் சோலாருக்கு லோன். எதற்கு இதெல்லாம்?

குரங்குத் தொல்லை, திருட்டுப் பயம், அதற்காகத்தான் மூட நினைக்கிறோம் என்றால் இரும்புக் கம்பி அடித்து மேலே வலை போடுங்கள், ஊரில் பாதி வீட்டில் அப்படித்தான் இருக்கிறது. காற்றும் வெளிச்சமும் வரும், குரங்கு வராது. சாரல் அடிக்கிறதா, தூணுக்குத் தூண் மூங்கில் தட்டி கட்டி வேண்டும்போது இறக்கிக்கொள்ளுங்கள். கோடையில் வெட்டிவேர்த் தட்டி தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்தால் அந்த வாசனைக்கே பாதிச் சூடு போய்விடும். இன்னொன்று, இப்போதெல்லாம் யாரும் செய்வதில்லை: காலை ஒன்பது, பத்து மணிக்கு வெயில் விழுகிற பக்கத்துச் சன்னல்களைச் சாத்திவிட வேண்டும், பொழுது சாய்ந்ததும் மேலே இருக்கிற சின்னச் சன்னல்கள் உட்பட எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். அந்தக் கனமான சுவர் ராத்திரிக் குளிர்ச்சியை வாங்கி வைத்துக்கொண்டு பகலில் மெதுவாகத்தான் சூடேறும். பகல் முழுக்கச் சன்னலைத் திறந்து போட்டுவிட்டு வீடு அனலாக இருக்கிறது என்று சொன்னால் வீடு என்ன செய்யும்?

ஓடும் அப்படித்தான். நாட்டு ஓட்டை அடுக்கடுக்காகப் போட்டிருப்பார்கள், இடுக்கில் எல்லாம் காற்று நிற்கும், அதனால் கீழே சூடு சட்டென்று இறங்காது. கலர் ஷீட் பத்து மணிக்கே கொதிக்க ஆரம்பித்துவிடும், மழை பெய்தால் வீட்டுக்குள் பேச முடியாது. ஓடு பிரித்துப் போடத் தெரிந்த ஆட்களைக் கூப்பிட்டு, உடைந்ததை மட்டும் மாற்றி, மக்கிப்போன சட்டத்தை மாற்றி, நல்ல ஓட்டை அதே இடத்தில் அடுக்கச் சொல்லுங்கள். பழைய ஓடு, பழைய கதவு, சன்னல், சட்டம் எதுவாக இருந்தாலும் புதிதாக வாங்குவதற்கு முன்னால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். இடித்த வீட்டுச் சாமான்கள் அங்கே கிடக்கும். அவை வெளிநாட்டுக்காரன் வீட்டு வரவேற்பறைக்குப் போவதைவிட இன்னொரு செட்டிநாட்டு வீட்டில் கதவாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே.

இப்போது சுவருக்கு வருகிறேன், இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இதோ என் கையில் இருக்கிற துண்டைப் பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் உதிர்ந்து விழுந்த பூச்சு. அடியில் கரடு முரடாக மணலோடு இருக்கிறதே, அது முதல் பூச்சு. மேலே வரவர நைசாகிறது பாருங்கள், கடைசிப் படலம் முட்டை ஓடு மாதிரி வழவழவென்று இருக்கிறது. சுண்ணாம்பை நீற்றி, கடுக்காய்த் தண்ணீரும் பனைவெல்லமும் சேர்த்து ஊறவைத்து அரைத்து, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் விட்டுத் தேய்த்தது. இவ்வளவு வருடம் ஒன்றும் ஆகாமல் இருந்த இது ஏன் இப்போது உதிர்ந்தது? இந்தப் பக்கம் திருப்பிக் காட்டுகிறேன், மேலே ஊதா நிறத்தில் தோல் மாதிரி உரிகிறதே, அது எமல்ஷன் பெயிண்ட். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சியதை வெளியே விடும். மேலே பிளாஸ்டிக் மாதிரி ஒரு படலம் அடித்துவிட்டால் ஈரம் வெளியே போக வழியில்லை, உள்ளேயே நின்று உப்புப் பூத்து, பெயிண்டையும் தள்ளிக்கொண்டு பூச்சையும் இழுத்துக்கொண்டு விழும். சிமெண்ட் பூசினாலும் இதே கதைதான், இன்னும் மோசம் என்று கூடச் சொல்லலாம்.

ஆகவே சுவரில் விரிசல் இருந்தால் சுண்ணாம்புக் காரையிலேயே அடையுங்கள், மேலே சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் இன்னும் நல்லது. இதில் சுற்றுச்சூழல் கணக்கும் இருக்கிறது: சிமெண்டுக்குச் சூளையில் 1450 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், சுண்ணாம்புக்கு 900 டிகிரி அளவு போதும், அதோடு சுடும்போது வெளியேறிய கரியமில வாயுவில் ஒரு பகுதியைச் சுண்ணாம்பு இறுகும்போது காற்றிலிருந்து திரும்ப இழுத்துக்கொள்ளும். எரித்த விறகோ நிலக்கரியோ விட்ட புகை திரும்பாது, அதையும் சொல்லிவிட வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம், கூலியும் கூடத்தான் ஆகும். முழு வீட்டையும் ஒரே மூச்சில் செய்யத் தேவையில்லை, ஒரு வருடத்துக்கு ஒரு கட்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தரையில் ஆத்தங்குடிக் கல் இருந்தால் அதன் மேல் மார்பனைட் டைல்ஸ் ஒட்டலாமா என்று கேட்காதீர்கள், கோபம் வந்துவிடும். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடி மேல் சாயக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. கடையில் கிடைக்கிற டைல்ஸ் 1200 டிகிரி அளவுச் சூட்டில் வெந்து, குஜராத்திலிருந்து லாரியில் வருகிறது. உடைந்த கல்லை மட்டும் மாற்றுங்கள், அதே பூவேலைக்கு ஆத்தங்குடியிலேயே செய்து தருவார்கள். ஆசிட் ஊற்றிக் கழுவ வேண்டாம். தண்ணீரில் தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு விட்டுத் துடைத்துக்கொண்டே வாருங்கள், நடக்க நடக்கப் பளபளப்பு கூடும்.

மழைநீர் சேகரிப்புக்கு என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். 2003 வாக்கில் தமிழ்நாடு முழுக்க எல்லா வீட்டுக்கும் அதைக் கட்டாயம் ஆக்கினார்கள், பல இடத்தில் ஒரு பைப்பைத் தொங்கவிட்டுக் கணக்குக் காட்டியதோடு சரி. உங்கள் வீட்டுக்கு அது புதுச் செய்தியே இல்லை. நாலு பக்கத்து ஓடும் வளவை நோக்கித்தான் சாய்கிறது, தண்ணீர் விழுகிற இடத்தில் அண்டாவும் கிடாரமும் வைத்துப் பிடித்தார்கள், மிச்சம் வளவு மூலையில் இருக்கிற ஓட்டை வழியாகத் தெருக்காலுக்கு, அதாவது தெரு வாய்க்காலுக்கு, போய் அங்கிருந்து ஊருணிக்குப் போனது. போய் முதலில் அந்த மூலை ஓட்டையைப் பாருங்கள். நிறைய வீட்டில் அதைச் சிமெண்ட் வைத்து அடைத்திருப்பார்கள், இல்லையென்றால் கழிவுநீரை அதில் சேர்த்துவிட்டிருப்பார்கள். மழைத் தண்ணீரும் சாக்கடையும் ஒரே வாய்க்காலில் போகக் கூடாது, அதைப் பிரிப்பதுதான் முதல் வேலை.

கணக்கு சுலபம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். உங்கள் ஓட்டுப் பரப்பு 2000 சதுர அடி என்று வையுங்கள், ஐப்பசியில் ஒரு நாள் 50 மில்லிமீட்டர் பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல். ஓடு குடித்தது, சிதறியது எல்லாம் போக 7,000 லிட்டர் கையில் நிற்கும். சீசனின் முதல் இரண்டு மழையைப் பிடிக்காமல் விட்டுவிடுங்கள், ஓட்டில் இருக்கிற தூசியும் புறா எச்சமும் அதோடு போகட்டும். அப்புறம் வருவதை ஒரு தொட்டியில் கருங்கல் ஜல்லி, கூழாங்கல், மணல் போட்டு அதன் வழியாகப் பின்கட்டுக் கிணற்றில் விடுங்கள். கிணற்றைத் தூர்த்துவிட்டு போர் போட்டிருந்தால், சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, தோண்ட முடிந்தால் தோண்டுங்கள். சேமித்து வைக்கிற தொட்டிக்குக் கொசுவலை கட்டாயம். தோட்டத்தில் பேவர் பிளாக் மட்டும் பதித்துவிடாதீர்கள், இப்போது இது ஒரு வியாதியாகப் பரவுகிறது. மண்ணுக்குள் தண்ணீர் இறங்காமல், வெயிலைத் திருப்பி வீட்டுக்குள் அடிக்கும்.

கடைசியாகத்தான் கரண்ட். உங்கள் மகன் சொல்வதில் தப்பில்லை, வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும், இப்போது வருகிற பிஎல்டிசி ஃபேன், அதாவது கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்தது, 30, 35 வாட்டில் ஓடும். வளவு வீட்டில் பத்து ஃபேன் இருக்கும் என்று வைத்து, ஒவ்வொன்றும் பத்து மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 4 யூனிட் மிச்சம். 1 கிலோவாட் சோலார் ஒரு நாளைக்குத் தருவதும் ஏறக்குறைய 4 யூனிட்தான். அதாவது ஃபேன் மாற்றினாலே 1 கிலோவாட் பேனல் போட்டது போல. கூரை உயரம் என்பதால் ஃபேன் ராடை நீளமாகக் கேட்டு வாங்குங்கள், உச்சியில் சுற்றுகிற ஃபேன் பல்லிக்குத்தான் காற்று வீசும்.

ஏசி வேண்டவே வேண்டாம் என்று வயதானவர்கள் இருக்கிற வீட்டில் நான் சொல்ல மாட்டேன். வளவைச் சுற்றி இருக்கிற உள்ளறை ஒன்றில், சின்னதாக, ஐந்து ஸ்டார் பார்த்து ஒன்று வையுங்கள், 26-இல் வைத்து ஃபேனையும் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சோலார் போடுவதென்றால் ஓட்டின் மேல் வேண்டாம், பாரமும் தாங்காது, ஆட்கள் ஏறி இறங்கியே ஓட்டை நொறுக்கிவிடுவார்கள். பின்கட்டில் தட்டு மாடி, அதாவது சமதளமான மொட்டை மாடி, இருந்தால் அங்கே, தெற்குப் பார்த்து, நம் ஊருக்குப் பத்து டிகிரி சாய்வு போதும். 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். 2024-இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரைக்கும் மானியம் உண்டு. ஆனால் நம்ம பக்கத்துச் சிக்கல் வேறு: கரண்ட் கனெக்‌ஷன் இன்னும் ஐயா பெயரிலேயே இருக்கும், வீட்டில் பங்கு ஏழு பேருக்கு இருக்கும். அதனால் பேனல் விலை கேட்பதற்கு முன்னால் பங்காளிகளிடம் பேசிப் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்கள். இந்த வேலையில் அதிக நாள் பிடிக்கிற சமாச்சாரம் அதுதான்.

இதற்குக் கீழேயே கழனிவாசலிலிருந்து ஒரு தம்பி, "எங்களுடையது சாதாரணக் காங்கிரீட் வீடு, எங்களுக்கு ஒன்றும் இல்லையா அண்ணே" என்று கேட்டிருக்கிறார். இருக்கிறது தம்பி. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், மேற்குச் சுவர்ப் பக்கம் வேப்ப மரமோ முருங்கையோ வையுங்கள், ஃபேன் கணக்கும் மழைக் கணக்கும் உங்களுக்கும் அதேதான். வீட்டு விசேஷத்துக்குத் தாம்பூலம் பிளாஸ்டிக் பையில் கொடுக்காமல் ஓலைக் கொட்டானில் கொடுங்கள், முடைகிறவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும்.

ஆச்சி, உங்களுக்கு வேலை வரிசை இதுதான்: ஓடு, வளவு மூலை ஓட்டை, கிணறு, சுவர், ஃபேன், அப்புறம் சோலார். ஓட்டு ஆட்கள் பங்குனி, சித்திரையில்தான் கைக்கு வருவார்கள், அதற்குள் சொல்லி வையுங்கள். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் ஒருத்தரும் கூரையில் ஏற மாட்டார்.