பசையில்லாத கைவேலை

(தூத்துக்குடி மாவட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் நடந்த பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

என்னை அறிமுகப்படுத்திய தம்பி, “குப்பையில் மயில் செய்து முதல் பரிசு வாங்கிய டீச்சர்” என்று சொன்னார். பரிசு வாங்கியது உண்மைதான். அந்த மயில் பிறகு என்ன ஆனது என்பது அவருக்குத் தெரியாது. அதை நானே சொல்லிவிடுகிறேன்.

தோகைக்குப் பிளாஸ்டிக் கரண்டி வேண்டியிருந்தது. ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் கிடந்தவற்றைப் பொறுக்கிக்கொண்டு வந்து கழுவினோம். பாயசப் பிசுக்கு போகவில்லை. பாதிக்கு மேல் காம்பு உடைந்திருந்தது. கண்காட்சிக்கு மூன்று நாள்தான் பாக்கி. கடைத்தெருவுக்குப் போய் 200 கரண்டி புதிதாக வாங்கிவிட்டேன். உடம்புக்குத் தெர்மாகோல், அதுவும் புதிது. மேலே தூவ நீலமும் பச்சையுமாக ஜிகினாத் தூள். ஒட்டுவதற்கு ஏழெட்டு டியூப் பசை. இவ்வளவையும் காசு கொடுத்து வாங்கி முடித்து, முன்னால் ‘கழிவிலிருந்து கலை’ என்று அழகாக எழுதி வைத்தேன். வெட்கமாக இல்லையா என்று கேட்கிறீர்கள். அன்றைக்கு இல்லை.

கோப்பை தலைமையாசிரியர் அறைக்குப் போனது. மயில் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் போனது. இரண்டு மழைக்கு அங்கேயே நின்று நிறம் வெளுத்தது. பிறகு யாரோ அதைக் கொளுத்திவிட்டார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து, “டீச்சர், நம் மயில் எரிகிறது” என்றான். அவன் குரலில் வருத்தம்கூட இல்லை, செய்தி சொல்கிற குரல்தான்.

மிஞ்சிய கண்காட்சிப் பொருள்களையாவது ஒழுங்காக அனுப்பலாம் என்று ஒரு சாக்கில் கட்டிப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணாச்சி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்ணீர் பாட்டிலின் மேல் வண்ணக் காகிதம் ஒட்டி, கண் வைத்து, ஜிகினா தூவிய பென்சில் கூடு. “டீச்சர், வெறும் பாட்டிலாக இருந்தால் எடுத்துக்கொள்வேன். வெறும் காகிதமாக இருந்தாலும் எடுத்துக்கொள்வேன். இது இரண்டும் இல்லையே” என்று சொல்லிச் சாக்கிலேயே திரும்பப் போட்டார்.

பி.எட். படிப்பிலும் எனக்கு இப்படி ஒரு பாடம் கிடைத்ததில்லை. வகுப்பில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துப் போடச் சொல்லிக்கொடுக்கிறேன். அடுத்த பீரியடில், கைவேலை என்ற பெயரில், எவராலும் பிரிக்கவே முடியாதபடி எல்லாவற்றையும் ஒட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். பிஸ்கட் உறையின் சிக்கலும் இதுதான். உள்ளே பிளாஸ்டிக் ஒரு படலம், பளபளப்புக்கு உலோகப் பூச்சு, மேலே இன்னொரு படலம், மை என்று ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். உரித்தெடுக்க வழியில்லாததால் கடையில் எடுப்பதில்லை. அந்தத் தொழிற்சாலை செய்கிற வேலையைத்தான் நான் ஐந்து வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்துகொண்டிருந்தேன்.

அதனால் நான் எனக்கென்று ஒரு பரீட்சை வைத்துக்கொண்டேன். அண்ணாச்சி பரீட்சை என்று பெயர். கண்காட்சி முடிந்த மறுநாள் இந்தப் பொருளை அப்படியே பிரித்து, பாதியை அண்ணாச்சியிடம் கொடுக்க முடியுமா, மீதியை மண்ணில் போட முடியுமா? முடியும் என்றால் செய்யலாம். முடியாது என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். தெர்மாகோல் இதில் முதல் படியிலேயே தோற்றுவிடும். அலங்காரத்துக்குத் தெர்மாகோல் பயன்படுத்துவது 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆனாலும் சுற்றுச்சூழல் தினக் கண்காட்சிகளிலேயே அதைப் பார்க்கிறேன். ஜிகினாத் தூளும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் உதிரியான பிளாஸ்டிக் ஜிகினாவின் விற்பனையையே நிறுத்தியது. நாம் இன்னும் பிள்ளையின் கன்னத்தில் பூசி நாடகத்துக்கு அனுப்புகிறோம்.

பசையே கூடாதா என்று பின்வரிசையில் ஓர் அம்மா முணுமுணுக்கிறார். காகிதத்தோடு காகிதத்தை மைதாப் பசை காய்ச்சித் தாராளமாக ஒட்டுங்கள். பிள்ளைகளுக்குக் கை பிசுபிசுக்க வேண்டும், அந்தச் சுகத்தைப் பறிக்க நான் வரவில்லை.

பசையில்லாமல் செய்வது நம் ஊருக்குப் புதிது கிடையாது. கோடையில் நுங்கு தின்றுவிட்டு அந்தக் கூந்தலை, நுங்கெடுத்த வெறுங்காயை, என்ன செய்தோம்? இரண்டை எடுத்து ஒரு குச்சியில் கோத்தோம், நடுவில் கவட்டைக் கம்பை வைத்துத் தள்ளினோம். நுங்கு வண்டி. கடையில் வாங்கியது அதில் ஒன்றுமில்லை. இரண்டு நாள் ஓடும், சக்கரம் சுருங்கும், அதைத் தூக்கி ஆட்டுக்குப் போடுவோம். ஓலைக் காற்றாடியும் அப்படித்தான். முள்ளில் குத்தி ஓடினால் சுற்றும், வாடினால் அடுப்புக்குப் போகும். பனைமரம் இத்தனை இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு நாம் தெர்மாகோல் வாங்குகிறோம்.

இதே வழியில் வாழ்நாள் முழுக்க உழைத்த ஒருவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர். 1978இல், மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பகுதியில் கிராமப் பள்ளிகளுக்காக நடந்த அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போனவர், சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, தீக்குச்சிகளை அதில் செருகி முக்கோணமும் சதுரமும் வீடும் செய்துகாட்டினார். 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது, அந்த வீட்டைச் சாயங்காலம் பிரித்துவிடலாம் என்பது. நாளைக்கு அதே குச்சியில் பாலம் செய்யலாம். (மருந்து நீக்கிய குச்சியைக் கொடுங்கள். முழுக் குச்சியைக் கொடுத்துவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள்.)

சரி, சின்னப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்குவது? மூன்று, நான்கு வயதில் அறிவுரை ஏறாது. விரல்களுக்கு மட்டும் ஏறும். எங்கள் பள்ளியில் கசக்குகிற விளையாட்டு ஒன்று வைத்திருந்தோம். ஆளுக்கொரு உறையைக் கொடுத்து, உள்ளங்கையில் வைத்து நன்றாகக் கசக்கி, “ஒன்று, இரண்டு, மூன்று, திற!” என்பேன். காகிதம் சுருண்டபடி கிடக்கும். பிளாஸ்டிக் மெல்ல மெல்ல விரிந்து எழுந்திருக்கும். பிள்ளைகள் அதைத் ‘தூங்குகிறவர்’, ‘எழுந்துவிடுகிறவர்’ என்று அழைத்தார்கள். எந்தக் கூடையில் போடுவது என்பதில் அதன்பின் குழப்பமே வரவில்லை. பெரியவர்கள்தான் குழம்பினார்கள்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குக் காகித கப் என்ற வேடதாரியைக் கொடுங்கள். ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு மறுநாள் நகத்தால் சுரண்டச் சொல்லுங்கள். உள்பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தோல் உரிந்து வரும். அது வரும் நொடியில் அந்த முகங்களைப் பார்க்க வேண்டும். பாம்புச் சட்டையைக் கண்டெடுத்த மாதிரி இருக்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையான பொருள்களில் இந்தப் பூச்சுக் கப்பும் ஒன்று. இடைவேளையில் நாம் எதில் தேநீர் குடித்தோம் என்பதைப் பற்றி நான் ஒன்றும் பேசப்போவதில்லை.

புதைக்கிற சோதனை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தொட்டிகளில் வாழைப்பழத் தோல், முருங்கை இலை, நாளிதழ்த் துண்டு, பிஸ்கட் உறை என்று தனித்தனியாகப் புதைத்தோம். தினமும் தண்ணீர் தெளித்தோம். நாற்பது நாள் கழித்துத் தோண்டியபோது முதல் தொட்டியில் ஒன்றுமே இல்லை. ஒரு சிறுமி பக்கத்துப் பையனை முறைத்து, “என் வாழைத்தோலை இவன்தான் எடுத்துவிட்டான்” என்று அழ ஆரம்பித்தாள். அவன், தான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்தான். பஞ்சாயத்து பத்து நிமிடம் நடந்தது. கடைசியில் மண்ணைக் கிளறி மண்புழு ஒன்றைக் காட்டி, “இதுதான் எடுத்தது” என்றேன். இருவரும் அந்தப் புழுவை உற்றுப் பார்த்தார்கள். பிஸ்கட் உறையைக் கழுவியபோது, போட்ட அன்று இருந்த சிவப்பு அப்படியே இருந்தது.

அன்று ஒரு பாட்டியை வகுப்புக்கு அழைத்திருந்தேன். அவர் சிரித்தார். “எங்கள் காலத்தில் வயலுக்குக் குப்பை அடிப்போம். மாட்டு வண்டியில் குப்பை ஏற்றினால் அந்த வருஷம் விளைச்சல் என்று அர்த்தம்” என்றார். பிள்ளைகளுக்கு வியப்பு. எருவுக்கும் குப்பை என்றுதான் பெயர். அந்தக் குவியலில் மண்ணுக்கு ஆகாதது ஒன்றுகூட இல்லாத காலத்தில் பிறந்த சொல் அது.

இனி நான் செய்ததிலேயே எனக்குப் பெருமையாக இருக்கிற கைவேலை. எந்தக் கண்காட்சிக்கும் அது போகவில்லை.

எங்கள் தெருவில் குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளர் அம்மாவை ஒருநாள் இரண்டாம் வகுப்புக்கு அழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். முதலில் கூச்சத்தில் நுனியில்தான் உட்கார்ந்தார். பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். மணி யார் அடிப்பது, நாய் துரத்துமா, குப்பையில் காசு கிடைக்குமா. ஒரு பையன், “உங்கள் கட்டைவிரல் ஏன் கோணலாக இருக்கிறது?” என்று கேட்டான். நான் பதறிவிட்டேன். அவர் பதறவில்லை. விரலை நீட்டிக் காட்டினார். யாரோ உடைந்த டியூப் லைட்டைச் சோற்றுக் குப்பையோடு கட்டிப் பையில் போட்டிருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் தெரியவில்லை. கையை விட்டிருக்கிறார். ஆறு தையல். பிள்ளைகள் வரிசையில் வந்து அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தார்கள்.

அவர் போனபின் அந்தப் பையன்தான் சொன்னான், “கண்ணாடி இருக்கிறது என்று எழுதி ஒட்டலாம்.” இன்னொருத்தி, “அவருக்குப் படிக்கத் தெரியாது என்றால்?” என்றாள். அப்படியென்றால் வரையலாம். ஒவ்வொருவரும் பழைய அட்டையில் தன் கையை வைத்துச் சுற்றிக் கோடு போட்டு வெட்டினார்கள். கட்டைவிரலில் மட்டும் சிவப்பு வண்ணம் தீட்டினார்கள். வீட்டில் டம்ளர் உடைந்தால் அதை நாளிதழில் சுற்றி, இந்தக் கையை மேலே வைத்து நூலால் கட்டி, தனியாகக் கையில் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அட்டை, நூல், நாளிதழ். அண்ணாச்சி பரீட்சையில் நூற்றுக்கு நூறு.

பாதிப் பேர் வீட்டில் அட்டை தொலைந்துபோயிருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சில மாதம் கழித்து அந்த அம்மா என்னைத் தெருவில் நிறுத்தி, இடுப்புப் பையிலிருந்து ஓர் அட்டைக் கையை எடுத்துக் காட்டினார். விரல்கள் மடங்கி, மஞ்சள் கறை படிந்து, சிவப்பு மட்டும் மங்காமல் இருந்தது. ஏதோ ஒரு வீட்டிலிருந்து வந்தது. கண்ணாடியைப் போட்டுவிட்டு, கையைத் தன்னிடமே வைத்துக்கொண்டாராம். “சின்னக் கை டீச்சர், எறிய மனசு வரவில்லை” என்றார்.

நேரமாகிறது என்று ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பேசியது போதும், அடுத்தது செய்முறை. வெளியே வராந்தாவில் இரண்டு பெரிய வாளிகள் இருக்கின்றன. நேற்றிரவே காகிதத்தைக் கிழித்து ஊறவைத்துவிட்டேன். அரைத்து, தொட்டித் தண்ணீரில் கலக்கி, சட்டத்தில் கட்டிய கொசுவலையால் அள்ளி, பழைய வேட்டித் துணியில் கவிழ்த்தால் புதுத் தாள். வெயிலில் நாளைக்குள் காய்ந்துவிடும். நம் பாட்டிமார் இதே காகிதக் கூழோடு வெந்தயம் சேர்த்து அரைத்து, முறத்துக்கும் கூடைக்கும் பூசியிருக்கிறார்கள். வெந்தயமும் கொண்டுவந்திருக்கிறேன், ஒரு முறத்திலும் முயன்று பார்க்கலாம். தாள் கொஞ்சம் சாம்பல் நிறமாகத்தான் வரும், அச்சு மை அப்படி. மங்கலாக இருக்கிறதே என்று வண்ணப்பொடி கொட்டாதீர்கள். செவ்வந்தி இதழ் வேண்டுமானால் தூவுங்கள். ஒவ்வொரு முறை மறுசுழற்சி செய்யும்போதும் காகிதத்தின் நார் குட்டையாகிக்கொண்டே போகும். ஐந்தாறு முறைக்கு மேல் தாங்காது. அதையும் பிள்ளைகளிடம் ஒளிக்க வேண்டாம். மிஞ்சுகிற கூழைச் சாக்கடையில் ஊற்றாமல் வடிகட்டி உருண்டை பிடித்துவிடுங்கள்.

ஊறுவது என்ன காகிதம் என்று கேட்டால், நேற்றைய பயிற்சியில் உங்களுக்கெல்லாம் கொடுத்த கையேடு. நாற்காலிகளில் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தீர்கள், எண்ணினேன், 63 பிரதி.

வளையல் போட்டிருப்பவர்கள் மேலே ஏற்றிக்கொள்ளுங்கள். வாருங்கள்.