நேற்றைய பில் இன்று மாறலாமா?

நேயர்களுக்கு வணக்கம். இணையத்தில் வியாபாரம் செய்கிற, அல்லது செய்யலாமா என்று யோசிக்கிற மதுரை வட்டாரத்துத் தொழில்காரர்களோடு பேச வந்திருக்கிறேன். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், ஜெய்ஹிந்த்புரத்தில் அப்பளம் போடுபவர், மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம் செய்பவர் என்று பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "எங்களுக்கென்றே ஒரு சாஃப்ட்வேர் ஆளை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாமா? எதைப் பார்த்து எடுப்பது?"

எல்லோருக்கும் அப்படி ஓர் ஆள் தேவையில்லை. கடையின் பெயர், முகவரி, போன் நம்பர், நாலு படம் இருந்தால் போதும் என்றால் ஆயத்தமாகக் கிடைக்கும் சேவைகளே போதும். பத்துப் பொருளை மட்டும் விற்பவருக்கும் அப்படித்தான். ஆனால் கடையில் நேரில் விற்கிற சரக்கும் வெப்சைட்டில் விற்கிற சரக்கும் ஒரே குடோனிலிருந்து போகிறது, மொத்த வியாபாரிக்கு ஒரு விலை, சில்லறைக்கு இன்னொரு விலை, சிலருக்கு மட்டும் மாதக் கடன், வெளியூர்ப் பார்சலுக்குத் தனிக் கணக்கு என்று வளர்ந்துவிட்டால் ஆயத்தச் சேவை இடிக்கத் தொடங்கும். அப்போதுதான் பேக்எண்ட் டெவலப்பர் தேவைப்படுகிறார்.

வெப்சைட்டில் நம் கண்ணுக்குத் தெரிவது பாதி வேலைதான். ஆர்டரை வாங்குவது, இருப்பைக் குறைப்பது, பணம் வந்ததா என்று பார்ப்பது, பில் போடுவது, எல்லாவற்றையும் டேட்டாபேஸில் எழுதி வைப்பது, இவையெல்லாம் சர்வர் என்ற பின்னணிக் கம்ப்யூட்டரில் நடக்கின்றன. அந்த வேலையைச் செய்கிறவர் இவர். பார்க்க அழகாக இருக்கிறதா என்று வைத்து இவருடைய வேலையை எடைபோட முடியாது. அதனால்தான் முதலாளிகள் நேர்காணலில் திணறுகிறார்கள். எந்த மொழி தெரியும், எத்தனை வருட அனுபவம் என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, மூன்றாவது என்ன கேட்பது என்று தெரியாமல் சம்பளத்துக்குப் போய்விடுகிறார்கள்.

கம்ப்யூட்டர் தெரியாத முதலாளியும் இந்த நேர்காணலை நன்றாக நடத்தலாம். உங்கள் தொழிலிலிருந்தே கேள்வி கேளுங்கள். மற்ற எதைவிடவும் இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன்.

பூ வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். மதுரை மல்லிக்குக் காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை. முகூர்த்த நாள் வந்தால் கேட்கவே வேண்டாம். இப்போது நேர்காணலுக்கு வந்தவரிடம் கேளுங்கள்: "நேற்று ஒருவர் பத்துக் கிலோ வாங்கினார். இன்று விலை ஏறிவிட்டது. நேற்றைய பில்லை இன்று திறந்தால் என்ன தொகை காட்டும்?" கற்றுக்குட்டி எழுதிய புரோகிராமில் விலை ஓரிடத்தில்தான் இருக்கும். அதை மாற்றினால் பழைய பில்களெல்லாம் சேர்ந்து மாறிவிடும். அனுபவம் உள்ளவர், விற்ற நேரத்து விலையை அந்த ஆர்டரோடு சேர்த்துத் தனியாக எழுதி வைப்பேன் என்பார். அதோடு, விலையை யார் எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறும் வேண்டுமா என்று உங்களைத் திருப்பிக் கேட்பார். அப்படித் திருப்பிக் கேட்கிறவரை விட்டுவிடாதீர்கள்.

பூ மார்க்கெட்டிலேயே இன்னொரு கேள்வி இருக்கிறது. அங்கே வியாபாரம் விடியும் முன்பே சூடுபிடித்துவிடும். சர்வர்களில் நேரத்தைப் பொதுவாக உலகப் பொது நேரத்தில்தான் பதிவு செய்வார்கள். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. விடிகாலை 4 மணிக்கு வரும் ஆர்டர் சர்வரின் கணக்கில் முந்தைய நாள் இரவு 10.30. அன்றாட மொத்தம் போடும்போது இதை நம் நேரத்துக்கு மாற்றிக் கணக்கிடாவிட்டால், காலை ஐந்தரைக்கு முன் நடந்த வியாபாரம் எல்லாம் முதல் நாள் கணக்கில் போய் விழும். கல்லாவும் கணக்கும் ஒருநாளும் ஒத்துவராது. பகலில் மட்டும் வேலை நடக்கிற அலுவலகத்தில் இந்தக் கோளாறு வெளியே தெரியவே தெரியாது. பூக்கடையில் தினமும் தெரியும்.

சரி, ஜவுளிக்குப் போவோம். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சுங்குடிச் சேலையில் ஒரே மாதிரி இன்னொன்று கிடைப்பது அபூர்வம். கடையில் ஒரே ஒரு பீஸ் இருக்கிறது. கோயம்புத்தூரில் ஒருவரும் சிங்கப்பூரில் ஒருவரும் ஒரே நொடியில் வாங்கும் பட்டனை அழுத்துகிறார்கள். யாருக்குச் சேலை? இருப்பு ஒன்று என்று இருவருக்கும் காட்டியிருக்கும். இருப்பைப் படிப்பதும் குறைப்பதும் இடைவெளியோடு நடந்தால் இருவருக்குமே விற்றுவிடுவோம். டேட்டாபேஸில் டிரான்சாக்ஷன் என்று ஓர் ஏற்பாடு உண்டு. அதில் அந்தச் சேலையின் பதிவைப் பூட்டி, ஒருவர் வேலை முடிந்த பிறகே அடுத்தவரை உள்ளே விடலாம். இதை அவர் தன் சொந்த வார்த்தையில் உங்களுக்குப் புரியும்படி விளக்குகிறாரா என்று பாருங்கள். விளக்கத் தெரியாதவரோடு பின்னால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

யூபிஐ பணத்திலும் இதே மாதிரிச் சிக்கல் உண்டு. வாடிக்கையாளர் பணம் கட்டியதும், இடையில் நின்று பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே என்ற சேவை நம் சர்வருக்கு ஒரு தகவல் அனுப்பும். நம் பக்கத்திலிருந்து பதில் போகாவிட்டால் அதே தகவலை மறுபடியும் அனுப்பும். இரண்டு முறை வந்தாலும் ஆர்டர் ஒருமுறைதான் பதிவாக வேண்டும். ஒருமுறைகூட வராவிட்டால், நாமே கேட்வேயிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். "பணம் போய்விட்டது, ஆர்டரைக் காணோம்" என்று ஒருவர் போனில் கத்தும்போது உங்கள் கடைப் பெயர்தான் கெடுகிறது.

அப்புறம், பைசா. பின்ன எண்களை வைக்கிற சாதாரண முறையில் கம்ப்யூட்டரால் பத்தில் ஒன்றைத் துல்லியமாக வைக்க முடியாது. 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். பணத்தைத் தசமக் கணக்குக்கென்றே உள்ள தனி வகையிலோ முழுப் பைசாவாகவோ வைக்க வேண்டும். தெரிந்தவர் ஒரு வரியில் சொல்லிவிடுவார். பார்சலில் ஒட்டும் பெயரைத் தமிழில் தட்டச் சொல்லியும் பாருங்கள். டேட்டாபேஸ் எழுத்துகளைப் பதிவு செய்யும் முறை சரியாக இல்லையென்றால் மீனாட்சிசுந்தரம் வெறும் கேள்விக்குறிகளாக வந்து நிற்பார்.

இனி, கட்டமைப்பு. புரோகிராமை எப்படி வேண்டுமானாலும் எழுதி ஓட வைக்கலாம். ஆனால் விலைக் கணக்கு, பக்கத்தின் அலங்காரம், டேட்டாபேஸ் கட்டளை மூன்றையும் ஒரே ஃபைலில் குழைத்து எழுதினால், எழுதியவரைத் தவிர யாருக்கும் அது விளங்காது. ஆறு மாதம் போனால் எழுதியவருக்கே விளங்காது. தகவல், தோற்றம், இரண்டையும் இயக்கும் பகுதி என்று மூன்றாகப் பிரித்து வைக்கும் யோசனை 1979லேயே ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. நார்வேக்காரரான டிரிக்வே ரீன்ஸ்காக் அதைக் கொண்டுவந்தார். இன்று பலரும் பயன்படுத்தும் ஜாங்கோ, லாரவெல், ரூபி ஆன் ரெயில்ஸ் போன்ற ஃபிரேம்வொர்க்குகள், அதாவது புரோகிராம் எழுத முன்கூட்டியே அமைத்துத் தந்த சட்டகங்கள், தத்தம் வழியில் அந்தப் பிரிவினையைப் பின்பற்றுகின்றன. கீழமாசி வீதி மளிகைக்கடையில் கடைப்பையன் மாறினாலும் எந்த டின்னில் சீரகம், எதில் சோம்பு என்று புதுப் பையனுக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா, அந்த ஒழுங்கைத்தான் ஃபிரேம்வொர்க் தருகிறது.

ஜாங்கோவின் கதை எனக்குப் பிடித்தது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் நாளிதழ் அலுவலகத்தில், 2003ல் ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் அதைத் தொடங்கினார்கள். பத்திரிகை ஆபீஸ் அல்லவா, கேட்டது உடனே வேண்டும், மறுநாள் மாற்றவும் வேண்டும். அந்த நெருக்கடிக்காக எழுதியதை 2005ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஏதோ ஒரு பெரிய நகரத்து ஆய்வுக்கூடத்தில் அல்ல, உள்ளூர்ப் பத்திரிகையின் அன்றாடத் தேவையிலிருந்து பிறந்தது அது. நம் ஊரில் உட்கார்ந்து நம் ஊர் வியாபாரத்துக்கு எழுதுகிற பிள்ளைகளும் அப்படிச் செய்யக்கூடியவர்கள்தான் என்று நான் மனதார நம்புகிறேன்.

எந்த ஃபிரேம்வொர்க் சிறந்தது என்ற சண்டையில் நீங்கள் இறங்க வேண்டாம். பலருக்கும் தெரிந்த ஒன்றாக இருந்தால் போதும். "நானே சொந்தமாக ஒரு ஃபிரேம்வொர்க் எழுதி வைத்திருக்கிறேன்" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் மட்டும் யோசியுங்கள். அவர் போனபின் அதைத் தொட ஆள் கிடைக்காது. பாதுகாப்பும் ஒரு காரணம். தேடல் பெட்டியில் கட்டளையைத் தட்டி டேட்டாபேஸையே உருவிவிடும் தாக்குதல் இருக்கிறது. நல்ல ஃபிரேம்வொர்க்கை அதன் முறைப்படி பயன்படுத்தினால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். "வாடிக்கையாளரின் பாஸ்வேர்டை உங்களால் பார்க்க முடியுமா?" என்றும் கேளுங்கள். முடியாது என்பதே சரியான பதில். 2023ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு இல்லாமல் தரவைக் கசியவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்திருக்கிறது. வாடிக்கையாளர் முகவரிகளை எக்செல் ஃபைலாக வாட்ஸ்அப்பில் சுற்றவிடும் பழக்கத்தை நிறுத்துங்கள்.

பேச்சில் தேறியவருக்கு ஒரு சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள். அதற்குக் காசு கொடுங்கள். சும்மா செய்து காட்டச் சொல்வது நியாயமில்லை. ஒருவருடைய ஒரு வார உழைப்பை ஓசியில் வாங்கிவிட்டு அவரிடம் நேர்மையை எதிர்பார்க்க முடியாது. வேலை முடிந்ததும் இரண்டைச் சோதியுங்கள். அவர் எழுதிவைத்த குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, வேறொருவர் புதுக் கம்ப்யூட்டரில் அதை ஓட்ட முடிகிறதா? நேற்றிரவு எடுத்த பேக்கப்பிலிருந்து டேட்டாவைத் திரும்பக் கொண்டுவர முடிகிறதா? பேக்கப் எடுக்கிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள். திருப்பிப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

எழுத்தில் போடவேண்டிய ஒப்பந்தத்துக்கு வருகிறேன், இது முக்கியம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, உங்கள் சம்பளப் பட்டியலில் இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதும் புரோகிராம், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உங்களுக்குச் சொந்தம். ஆனால் ஊழியராக இல்லாமல் வெளியாளாகச் செய்து தருபவர் எழுதியது, பணம் நீங்கள் கொடுத்திருந்தாலும், பொதுவாக அவருக்குத்தான் சொந்தம். எழுதிக் கையெழுத்திட்டு மாற்றித் தந்தால்தான் உங்களுக்கு வரும். அப்படி எழுதும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒரு வக்கீலிடம் காட்டி இரண்டையும் குறிப்பிட்டு எழுதுங்கள். டொமைன் பெயர் என்கிற வெப்சைட் முகவரி, சர்வர் கணக்கு, புரோகிராம் இருக்கும் கிட் கணக்கு, பேமென்ட் கேட்வே, நான்கும் உங்கள் பெயரிலும் உங்கள் மெயிலிலும் இருக்கட்டும். டெவலப்பருக்கு உள்ளே வர அனுமதி கொடுங்கள், சாவியையே கொடுத்துவிடாதீர்கள். ஒரு நிறுவனம் மூலமாக ஆள் எடுத்தால், மாதாமாதம் வேறு வேறு ஆளை மாற்றமாட்டோம் என்று எழுதி வாங்குங்கள். உங்கள் வியாபாரத்தின் நெளிவு சுளிவு ஒருவர் தலையில் சேர்வதற்காகத்தானே தனி ஆளுக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள்!

சம்பளம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மதுரையைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளிலிருந்து வருடாவருடம் பிள்ளைகள் படித்து வெளியே வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு மாட்டுத்தாவணி ஆம்னி பஸ் நிலையத்தில் நின்று பார்த்தால் அவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஏறிப் போவது தெரியும். கொரோனாவில் வீட்டிலிருந்து வேலை செய்யப் பழகியபின், அனுபவம் உள்ள பலர் ஊரிலேயே இருக்க விரும்புகிறார்கள். வயதான பெற்றோர், சின்னக் குழந்தை என்று ஆயிரம் காரணம். அவர்களிடம் போய், "சொந்த ஊர்தானே, வாடகை இல்லையே, பாதிச் சம்பளம் போதாதா?" என்று பேரம் பேசுகிறார்கள். கேட்கவே எனக்கு வேதனையாக இருக்கிறது. வேலை அதே வேலைதான். பொறுப்பும் அதேதான். குறைத்துக் கொடுத்தால் அவர் ஒரு வருடத்தில் போய்விடுவார், அவர் தலையில் சேர்ந்த உங்கள் கடைக் கணக்கும் கூடவே போய்விடும்.

ஆளை எடுத்தபின் முதல் வாரம் அவரைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைக்காதீர்கள். கடையில் உட்காரட்டும். குடோனுக்குப் போகட்டும். பார்சல் கட்டுபவரிடமும், கடன் நோட்டு எழுதுபவரிடமும் பேசட்டும். சேலை திரும்பி வந்தால் என்ன செய்கிறீர்கள், பூ வாடிப்போனால் யார் நஷ்டம், தெரிந்தவருக்குக் குறைத்துக் கொடுப்பதை எப்படி எழுதுகிறீர்கள், இவையெல்லாம் நீங்கள் வாய்விட்டுச் சொல்லாதவரை அவருக்குத் தெரியாது. அதன்பின் வாரம் ஒருமுறை அரைமணி நேரம் அவருக்கு ஒதுக்குங்கள். வாட்ஸ்அப்பில் நள்ளிரவில் வேலை சொல்லாதீர்கள்.

என்றாவது அவர் விலகுவதாகச் சொன்னால் கோபப்படாதீர்கள். ஒப்பந்தத்தில் உள்ள அறிவிப்புக் காலத்தில் புது வேலை எதையும் கொடுக்க வேண்டாம். அந்த நாட்கள் முழுவதும் அடுத்து வருபவருக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு மட்டும். கடைசி நாளில் அவருடைய நுழைவு அனுமதிகளை மூடிவிட்டு, சம்பளப் பாக்கியை அன்றைக்கே கொடுத்து அனுப்புங்கள். நன்றி, வணக்கம்.