டூபா யாருடைய சொத்து?

[காட்சி: பள்ளிக்கூட ஹால். மடியில் பெரிய டூபாவுடன் ஒருவர். ஒத்திகைச் சத்தம்.]

டூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? மடியில் ஒரு பத்து வயதுப் பையனை உட்காரவைத்த மாதிரி இருக்கும். புதிதாக வாங்கினால் பல ஆயிரம் பவுண்டு. வடக்கு இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர் பிராஸ் பேண்டில், அதாவது பித்தளை ஊதுகருவிக் குழுவில், இதை ஊதுகிறவர் பகலில் பஸ் ஓட்டுகிறவராக இருக்கலாம். ஊதுவதற்குச் சம்பளம் கிடையாது. பல பேண்டுகளில் அவரேதான் சந்தா கட்டுகிறார். டூபாவும் அவருடையது இல்லை. அப்படியென்றால் யாருடையது?

[காட்சி: மில் புகைபோக்கிகள், பழைய கறுப்பு வெள்ளைப் படம்.]

ஒரு காலத்தில் பதில் சுலபம்: முதலாளியுடையது. யார்க்‌ஷையரில் குவீன்ஸ்பரி என்ற ஊரில் 1855இல் ஜான் ஃபாஸ்டரின் கம்பளி மில் உள்ளூர் பேண்டைத் தத்தெடுத்தது. வாத்தியம் மில்லின் செலவு, சீருடையும் மில்லின் துணி. அதுதான் பிளாக் டைக் மில்ஸ் பேண்டு. சுரங்க ஊர்களிலும் இதே ஏற்பாடு. கிரைம்தார்ப் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் பேண்டு 1917இல் தொடங்கியது.

சரி, முதலாளியே போய்விட்டால்? 1992 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசு 31 சுரங்கங்களை மூடப்போவதாக அறிவித்தது. கிரைம்தார்ப்பும் அதில் ஒன்று. அறிவிப்பு வந்த சில நாட்களில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த தேசியப் போட்டியில் அதே பேண்டு முதலிடம் வாங்கியது. மறு ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. பேண்டு இன்னும் இருக்கிறது.

[காட்சி: மேஜைமேல் விதிமுறைப் புத்தகம், அருகில் ஒரு கார்னெட், டிரம்பெட் மாதிரி சின்ன ஊதுகருவி.]

இன்று சின்ன ஊர் பேண்டுகள் பல பதிவுபெற்ற தொண்டு அமைப்புகள். கலையை வளர்ப்பது இங்கிலாந்துச் சட்டப்படி அறப்பணி. ஆனால் நாலு பேர் கூடித் தங்கள் சந்தோஷத்துக்கு ஊதினால் மட்டும் போதாது. ஊருக்கும் பயன் வேண்டும். கச்சேரி, பிள்ளைகளுக்குப் பயிற்சி, நினைவு நாளில் போர் நினைவுச்சின்னத்தின் முன் வாசிப்பது, இப்படி.

முன்பெல்லாம் பேண்டு வெறும் சங்கம். சங்கத்துக்குச் சட்டத்தின் பார்வையில் தனி ஆள் என்ற தகுதி இல்லை. அதனால் சொத்து யாராவது இரண்டு மூன்று பேர் பெயரில் இருக்கும், கடன் வந்தால் அவர்கள் தலையில்தான் விடியும். 2013 முதல் தொண்டு அமைப்புகளுக்கென்றே ஒரு தனிப் பதிவு முறை இருக்கிறது. அதில் பேண்டே ஒரு சட்ட ஆள். டூபாவை வாங்குவது பேண்டு, காப்பீடு எடுப்பது பேண்டு, நமது பஸ் டிரைவருக்கு அதை ஊதக் கொடுப்பதும் பேண்டு. நாளைக்கே கலைத்துவிட்டாலும் வாத்தியங்களை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. அதே மாதிரி நோக்கமுள்ள வேறொரு தொண்டு அமைப்புக்குத்தான் போக வேண்டும்.

[காட்சி: டிசம்பர் மாலை. சூப்பர்மார்க்கெட் வாசல், கிறிஸ்துமஸ் பாட்டு, கையில் வாளியுடன் ஒரு சிறுமி.]

பணம்? எனக்குப் பிடித்த இடம் இந்த வாளிதான். வரி கட்டுகிறவர் ஒரு பவுண்டு நன்கொடை தந்து, 'கிஃப்ட் எய்ட்' படிவத்தில் கையெழுத்துப் போட்டால், வரித்துறையிடமிருந்து தொண்டு அமைப்புக்கு இன்னொரு 25 பென்ஸ் வரும். ஆனால் காய்கறிப் பையோடு ஓடுகிறவரை நிறுத்திக் கையெழுத்து கேட்க முடியுமா? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். 30 பவுண்டுக்கு மேற்போகாத சில்லறை நன்கொடைகளுக்குப் படிவமே வேண்டாம். ஆண்டுக்கு 8,000 பவுண்டு வசூல்வரை இப்படிக் காட்டி, 2,000 பவுண்டு கூடுதலாகப் பெறலாம். ஒரு நிபந்தனை: அந்த 8,000க்கு, அதே ஆண்டில் படிவத்தோடு வந்த நன்கொடை 800 பவுண்டாவது இருக்க வேண்டும். பத்துக்கு ஒன்று.

[காட்சி: அரைவட்டமாக நாற்காலிகள், ஒரு நாற்காலி காலி.]

ஆட்களுக்கு வருவோம். போட்டிக்குப் போகும் பேண்டில் ஊதுகிறவர்கள் 25 பேர், தாளக்காரர்கள் தனி. கார்னெட், ஃப்ளூகல்ஹார்ன், டெனர் ஹார்ன், பாரிடோன், யூஃபோனியம், டிராம்போன், டூபா. டிரம்பெட்டுக்கு இடமில்லை. இத்தனை பேரில் ஒருவர் வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டால்?

இங்கேதான் ஒரு பழைய தந்திரம் கைகொடுக்கிறது. பாஸ் டிராம்போனைத் தவிர எல்லா ஊதுகருவிகளுக்கும் ட்ரெபிள் கிளெஃப் என்ற ஒரே எழுத்துமுறையிலேயே இசைக்குறிப்பு எழுதுகிறார்கள். 'சி' என்ற சுரம் எழுதியிருந்தால் கார்னெட்காரர் எந்த வால்வையும் அழுத்தமாட்டார், டூபாக்காரரும் அப்படியே. வெளியே வரும் சுரம் வேறு, விரல் ஒன்றுதான். ஆகவே கார்னெட்டில் தொடங்கிய ஒருவர் டெனர் ஹார்னுக்கு மாறலாம், பல் போன வயதில் டூபாவுக்கும் நகரலாம். உதட்டுக்குத்தான் புதுப் பழக்கம் வேண்டும்.

[காட்சி: ஆண்டுக் கூட்டம். தலைவர் எழுந்து நிற்கிறார்.]

ஒரே ஒரு நாற்காலிக்கு மட்டும் இந்தத் தந்திரம் பலிக்காது. பொருளாளர். கணக்கு எழுத வேண்டும், வாளிச் சில்லறையை எண்ண வேண்டும், ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். பேண்டின் அறங்காவலர்களில் ஒருவர் என்பதால் இதற்கும் சம்பளமில்லை. "இந்த வருஷம் யார் ஏற்றுக்கொள்கிறீர்கள்?" என்று தலைவர் கேட்டதும் பாருங்கள், 25 பேரும் குனிந்து மவுத்பீஸைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.